தும்பு முடிக்கு ஓர் இடுக்கி

அந்த நாற்காலியில் உட்காராதே அம்மா, அதற்கு ஒரு கால் குட்டை. அரை மணி நேரம் அதில் ஆடிவிட்டு இப்போதுதான் நான் இந்தப் பெஞ்சுக்கு மாறினேன். வா, இப்படி உட்கார். டோக்கன் எத்தனை உனக்கு? நாற்பத்தொன்பதா? எனக்கு நாற்பத்தேழு. உள்ளே இருக்கிற மகராசன் இன்னும் முப்பத்திரண்டைத் தாண்டவில்லை. இத்தனை பெரிய தூத்துக்குடிக்கு இந்தக் கம்பெனி வைத்திருப்பது ஒரே ஒரு சர்வீஸ் சென்டர், அதில் ஒரே ஒரு மெக்கானிக். சனிக்கிழமை என்றால் இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவான். கேட்டால் "வெயிட் பண்ணுங்க மேடம்." நான் எதற்கும் வெயிட் பண்ணிப் பழக்கமில்லாதவள். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் எனக்கு மூன்று வேலை முடிந்துவிடும்.

உன் மிக்ஸிக்கு என்ன? ஜார் சுற்றவில்லையா? அடியில் இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கும், ஐந்து நிமிஷ வேலை. என்னுடையது அப்படி இல்லை. இந்தப் பையில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறாய்? முடியை நேராக்குகிற ஸ்ட்ரெய்ட்னர். எங்கள் வீட்டுக்காரர் இதை இடுக்கி என்பார். "எமல்டா, இடுக்கியைப் பிளக்குல இருந்து உருவினியா, வீடு எரிஞ்சிடப் போகுது." துறைமுகத்தில் முப்பது வருஷமாகக் கன்டெய்னர் எண்ணுகிறவர், வேறு எப்படிப் பேசுவார்.

ஏன் என் தலையைப் பார்க்கிறாய்? ஆமாம், நேராகத்தான் இருக்கிறது. காலையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் வந்தேன். அப்படியென்றால் வேலை செய்கிறதே என்கிறாயா? செய்கிறது. சரியாகச் செய்யவில்லை. ஒரு பக்கம் பிடிக்கிறது, ஒரு பக்கம் பிடிக்கவில்லை. இடது பக்கத்தை நான்கு தடவை இழுக்க வேண்டியிருக்கிறது. அதுதான் என் புகார். வாரண்டி இருக்கிறது, மாற்றிக் கொடுக்கட்டும்.

உன்னைப் பார்த்ததுமே நினைத்தேன், இது நம்ம கூட்டம் என்று. முடியைச் சொல்கிறேன். சுருட்டையும் இல்லை, நேரும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடிவாதம். அடர்த்தி வேறு. ரப்பர் பேண்ட் போட்டால் ரப்பர் பேண்ட் அறும். இந்த ஊர் உப்புக் காற்று பட்டால் தலைக்கு மேல் இன்னொரு தலை. ஸ்ட்ரெய்ட்னர் வாங்கலாம் என்று உனக்கும் யோசனை இருக்கும். இருக்கிறதா? அப்படியென்றால் கேட்டுக்கொள். எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

முதல் விஷயம், கடையில் இருக்கிற பெண் ரோஸ் கலரில் ஒன்றை எடுத்து நீட்டுவாள். ஒல்லியாக, பென்சில் டப்பா மாதிரி. "இதுதான் மேம் ஃபாஸ்ட் மூவிங்" என்பாள். வாங்காதே. அது நாலு முடி வைத்திருப்பவர்களுக்கு. நமக்குப் பட்டை அகலமாக இருக்க வேண்டும், இரண்டு விரல் அகலமாவது. இல்லாவிட்டால் ஒரு தலையை முடிப்பதற்குள் பொழுது போய்விடும். இரண்டாவது, பட்டை எதனால் செய்தது என்று கேள். மேலே பூச்சு மட்டும் பூசியது என்றால் ஆறு மாசத்தில் உரிந்து முடியைப் பிடித்து இழுக்கும். செராமிக் சாது, நிதானமாகச் சுடும். டைட்டானியம் சட்டென்று ஏறும், நம்ம மாதிரி அடங்காத முடிக்கு அதுதான். மூன்றாவது, சூடு எத்தனை டிகிரி என்று நம்பர் தெரிய வேண்டும். வெறும் சிவப்பு விளக்கு எரிகிற ஜாதி வேண்டவே வேண்டாம். நான் இரண்டு வாரம் படித்துப் பார்த்துத்தான் கடைக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம் பத்துக் கேள்வி கேட்டேன். எட்டாவது கேள்வியில் மேனேஜரைக் கூப்பிட்டு வந்துவிட்டாள். டைட்டானியம், இருநூற்று முப்பது டிகிரி வரை போகும், வயர் முறுக்காமல் சுழலும். நான் கான்வென்ட்டில் படித்தவள் அம்மா. கூட வருகிற சின்னப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்காமல் எதையும் பிளக்கில் சொருக மாட்டேன்.

என்னை ஒரு கடைக்காரன் ஏமாற்றியது கிடையாது. என்னை ஏமாற்றியது ஒரே ஒருத்தி. அவள் பேர் பெர்ப்பெத்துவா. பெப்பி என்று கூப்பிடுவோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதி. இப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு, கணக்கை நீயே போட்டுக்கொள்.

எங்கள் கான்வென்ட்டில் திங்கட்கிழமை காலை அசெம்பிளி முடிந்ததும் தலை பார்ப்பார்கள். பேன் இல்லை, சடை. இரண்டு சடை, மடித்துக் கட்டி, வெள்ளை ரிப்பன். ஒரு முடி வெளியே நீட்டக் கூடாது. மதர் யூஜினி கையில் மர ஸ்கேலோடு வரிசையில் நடந்து வருவார். ஐநூறு பிள்ளைகளில் இரண்டு பேர் தலை மட்டும் எத்தனை எண்ணெய் தடவினாலும் பத்து மணிக்குள் எழும்பி நிற்கும். ஒன்று நான், ஒன்று பெப்பி. கிளாஸில் எங்களுக்கு வைத்த பேர் தும்பு. தேங்காய் நாரில் எடுப்பார்களே, கயிறு திரிக்கிற தும்பு, அது. ஆறு மாசம் மூத்தவள் என்று நான் பெரிய தும்பு, அவள் சின்னத் தும்பு. மதர் எங்கள் இரண்டு பேரையும் சேப்பலுக்குப் பின்னால் இருக்கிற குழாயடிக்கு இழுத்துப் போவார். தலையைக் குழாய்க்கு அடியில் பிடித்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, ஸ்கேலால் அமுக்கி அமுக்கி... பிறகு கையில் நாலு அடி. நனைந்த யூனிஃபார்மோடு முதல் பீரியட் உட்கார வேண்டும். பையன்கள் ஸ்கூல் பக்கத்திலேயே இருந்தது, மதில் மேலே ஏறிப் பார்ப்பான்கள்.

அந்த பெப்பிக்கு அப்போதே ஒரு குணம் உண்டு. முந்திரிக்கொட்டை. வரிசையில் உயரப்படி நின்றால் அவள் எனக்குப் பின்னால்தான் வர வேண்டும், என்னைவிட அரை விரல் உயரம். ஆனால் மதர் திரும்புவதற்குள் எப்படியாவது எனக்கு முன்னால் வந்து நின்றுகொள்வாள். குழாயடியிலும் அப்படித்தான், தலையை முதலில் நீட்டுவது அவள். அடியும் முதலில் அவளுக்குத்தான். என் முறை வரும்போது மதருக்குக் கை ஓய்ந்திருக்கும். எதிலும் முதலில் நிற்க வேண்டும் அவளுக்கு. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

முப்பத்து மூன்றா? சரி, ஒன்று நகர்ந்திருக்கிறது.

இந்த வருஷம் எங்கள் பேட்ச் பிள்ளைகள் எல்லோரும் கூடுவது என்று முடிவாயிற்று. பத்தாவது முடித்து முப்பத்தைந்து வருஷம். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தி போட்டிருந்தாள், "மதர் யூஜினியும் வர்றாங்க, எண்பத்தெட்டு வயசு, வீல் சேர்ல கூட்டிட்டு வர்றோம்" என்று. அடுத்த செய்தி என்ன தெரியுமா? "தும்பு ரெண்டும் வருமா?" கீழே சிரிக்கிற மூஞ்சி ஒன்பது.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். பெப்பி வீட்டுக்குப் போய், "ஏட்டி, நாம ரெண்டு பேரும் நேர் முடியோட போறோம். மதர் கண்ணுக்கு முன்னால போய் நிக்கிறோம். இப்பம் அமுக்குங்க பார்ப்போம்னு நிக்கிறோம்" என்றேன்.

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "இந்த வயசுல எதுக்குட்டி?" என்றாள்.

"உனக்கு ரோஷமே கிடையாதா?"

"இருந்தது. எங்க வச்சேன்னு தெரியல" என்று சிரித்தாள். அவள் அப்படித்தான், எதையும் சிரித்தே தட்டிக்கழிப்பாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. கவனி, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியென்றால் சரி என்றுதானே அர்த்தம்? ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

மெஷின் வாங்கியதும் பார்த்தால், கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது, முதலில் ஒரு சிறு பகுதியில் சோதித்துப் பார்க்கவும் என்று. நான் விதிமுறைப்படி நடக்கிறவள். பெப்பியை வரச் சொன்னேன்.

சனிக்கிழமை சனிக்கிழமை வந்தாள். அடுப்படி பக்கத்தில் பிளக் இருக்கிறது, அங்கே ஸ்டூல் போட்டு உட்கார வைப்பேன். அவள் தலைக்கு மருதாணி போடுகிறவள், சாயம் ஒத்துக்கொள்ளாது, முடி செம்பட்டையாக மினுங்கும். பிரித்துவிட்டால் இடுப்பு வரை. நான் டை, கறுப்பு, முழங்கைக்கு மேல்தான். புத்தகத்தில் என்ன சொல்லியிருந்தது என்றால், முடி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், சூடு தாங்குகிற சீரம் தடவ வேண்டும், பகுதி பகுதியாகப் பிரித்து கிளிப் போட வேண்டும், ஒவ்வொன்றையும் ஒரே தடவை மெதுவாக இழுக்க வேண்டும். எல்லாம் செய்தேன். சீரம் மட்டும் வாங்கவில்லை. கையகல பாட்டில், திறந்து பார்த்தால் எண்ணெய். எண்ணெய்க்கு எதற்கு இங்கிலீஷ் பேர்? வீட்டில் செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெய் இருக்கிறது, கலப்படம் இல்லாதது. அதையே ஒரு கை அள்ளி அவள் தலையில் நன்றாகத் தேய்த்தேன். நம்ம ஊரில் எண்ணெய் இல்லாமல் தலையில் சீப்பாவது வைப்போமா?

முதல் சனிக்கிழமை நூற்றைம்பதில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. நூற்றெண்பது. கொஞ்சம் படிந்தது, மறுபடி எழும்பிவிட்டது. எனக்குத்தான் பொறுமை கிடையாதே, இருநூற்று முப்பதில் தூக்கி வைத்தேன். அப்பா, என்ன படிவு! பட்டுத் துணி மாதிரி. புகை வந்தது, அது எண்ணெய்ப் புகை. தோசைக்கல்லில் கூடத்தான் வரும். ஹாலில் இருந்து வீட்டுக்காரர், "என்ன கருவாடா சுடுதே?" என்று கத்தினார். "உங்க வேலையைப் பாருங்க" என்றேன்.

"ஏட்டி எமி, சுடுதுட்டி."

"சுடாம? ஐஸா வச்சிருக்கேன்? அசையாதே, கோடு கோணும்."

"காது, காது..."

"காதை மடக்கிப் பிடி."

மடக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படி நான்கு சனிக்கிழமை. ஒவ்வொரு தடவையும் மணிக்கணக்கில் நான் நின்றுகொண்டு செய்கிறேன், அவள் உட்கார்ந்திருக்கிறாள். யாருக்குக் கஷ்டம் சொல். அவள் தலையில் பழகிப் பழகி எனக்குக் கை படிந்துவிட்டது. நான்காவது சனிக்கிழமைக்கு அப்புறம் என் முடிக்குச் செய்யலாம் என்று எடுத்தபோது, எண்ணெய்ப் புகை என் மூக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை. போய்த்தொலைகிறது என்று சீரமே வாங்கிவிட்டேன். சூட்டையும் இருநூறோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு எச்சரிக்கைதான்.

ஐந்தாவது சனிக்கிழமை அவள் வரவில்லை. போன் பண்ணினால், "தலைவலி." ஆறாவது, "மகன் வந்திருக்கான்." ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தால் முக்காடு. அந்தக் காலத்துக் கிழவிகள் மாதிரி முந்தானையை இழுத்து நெற்றி வரை போட்டுக்கொண்டு பூசை காண்கிறாள். மூன்று ஞாயிறு அப்படி. என்னட்டி, திடீரென்று பக்தி முற்றிப்போச்சு என்று கேட்டேன். "ஆமாட்டி, தவக்காலம் வருதுல்ல" என்றாள். தவக்காலத்துக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது! நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஏதோ திட்டம் போடுகிறாள் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது பார்.

அந்த நாள் வந்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஏழரை வரைக்கும் இழுத்தேன். மூன்று மணி நேரம். இதில் ஒன்று தெரிந்துகொள், எத்தனை நேரம் இழுத்தாலும் ஒரு கை தண்ணீர் பட்டால் போச்சு, முடி பழையபடி எழும்பிவிடும். அதனால் முகம் கழுவினதுகூட ஈரத் துணியால் துடைத்துத்தான். காரில் கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, கழுத்தை அசைக்காமல் போனேன். வீட்டுக்காரர், "மாதா சுரூபத்தைச் சப்பரத்துல கொண்டு போற மாதிரி இருக்கு" என்றார். சொல்லிக்கொள்ளட்டும்.

வாசலில் மேஜை போட்டு, பேர் எழுதின அட்டை கொடுக்கிறாள் சுகிர்தா. எங்கள் கிளாஸ் லீடர், அந்தக் காலத்துக் கோள்மூட்டி. நான் போய்ப் பேர் சொல்லாமல் நின்றேன். சிரித்துக்கொண்டு நின்றேன். அவளே பார்த்து, "ஏட்டி, எமல்டாவா இது!" என்று அலற வேண்டும் இல்லையா. அதற்குத்தானே இத்தனையும்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மேடம், நீங்க யாருகூட வந்திருக்கீங்க?"

"கண்டுபிடி பார்ப்போம்."

யோசித்தாள். தலையைச் சொறிந்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறாள், "நம்ம தும்பு ரெண்டையும் இன்னும் காணோமே, உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

என்னிடம் கேட்கிறாள். என்னைப் பற்றி.

கடைசியில் என் பேரை நானே சொல்ல வேண்டியதாயிற்று. "ஓ" என்றாள். அட்டையை எடுத்துக் கொடுத்தாள். மூன்று மணி நேரம் இழுத்த முடிக்கு ஒரு "ஓ".

ரோஸ் மில்க் கொடுத்தார்கள். குடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். வருகிறவர்கள் எல்லோரும் ஒருத்தியை ஒருத்தி அடையாளம் கண்டு கட்டிப்பிடிக்கிறார்கள். என் பக்கத்தில் வந்து அட்டையை எட்டிப் படித்துவிட்டு, "எமல்டா... எமல்டா... எந்த செக்‌ஷன்?" என்கிறார்கள்.

அப்போது வாசலில் ஒரு கூச்சல். "தும்பு! ஏய், தும்பு வந்துட்டாட்டி!"

பெப்பி வருகிறாள். எப்படி வருகிறாள் என்கிறாய்? தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு வருகிறாள். காதுக்கு மேலே. இடுப்பு வரைக்கும் இருந்த முடி. மருதாணிச் சிவப்பு ஒரு துளி கிடையாது. வெள்ளையும் கறுப்புமாகச் சின்னச் சின்னச் சுருள், ஆட்டுக்குட்டிக்கு முளைத்த மாதிரி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு சனிக்கிழமை என் ஸ்டூலில் உட்கார்ந்து என் உழைப்பை வாங்கிக்கொண்டு, எனக்குத் தெரியாமல் பார்லருக்குப் போய் ஸ்டைல் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். நாற்பது பேரும் அவளைச் சுற்றி. தலையைத் தடவுகிறாள் ஒருத்தி, முகர்ந்து பார்க்கிறாள் ஒருத்தி. "என்ன அழகா இருக்குட்டி! அப்படியே இருக்கேட்டி!" என்கிறார்கள். நான் அங்கேயே ரோஸ் மில்க் டம்ளரோடு நிற்கிறேன். நேராக.

அதோடு போகவில்லை. நான் மறக்க முடியாதது இதற்கு அப்புறம்தான்.

மதர் யூஜினியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பஞ்சு மாதிரி ஆகிவிட்டார். கண் சரியாகத் தெரியாது, ஒவ்வொருத்தியாக முன்னால் போய் மண்டியிட்டு, "தோத்திரம் மதர்" என்று சொல்ல வேண்டும். அவர் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார். நான் போவதற்குள் யார் முன்னால் போனது? கேட்கவே வேண்டாம். பெப்பி. முந்திரிக்கொட்டை.

மதர் அவள் தலையில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. விரலை உள்ளே விட்டார். ஒரு சுருளைப் பிடித்தார். "இந்த முடியை எனக்குத் தெரியும்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கிட்டே நெருங்கி வந்தார்கள்.

"எத்தனை திங்கக்கிழமை உன்னைக் குழாயடியில நிறுத்தியிருக்கேன். முடி என்ன பண்ணும் பாவம், தேவன் குடுத்தது. ராத்திரி செபம் பண்றப்ப எல்லாம் நினைப்பேன். மன்னிச்சிடு பிள்ளை" என்கிறார். அந்த மனுஷி அழுகிறார். பெப்பி அழுகிறாள். சுகிர்தா அழுகிறாள், அவளுக்கு என்ன வந்தது.

பிறகு மதர் கேட்டார், "உன்கூட இன்னொருத்தி இருப்பாளே? பெரியவ. அவகிட்டயும் நான் கேக்கணும்."

பெப்பி என் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் தள்ளினாள். "இதோ மதர், எமல்டா." நான் மண்டியிட்டேன். முப்பத்தைந்து வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தேன் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. மதர் என் தலையில் கை வைத்தார். கை வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது.

"இது இல்ல" என்றார். "இது வேற பிள்ளை. அவளைக் கூட்டிட்டு வாங்க."

"மதர், நான்தான் மதர்" என்றேன். காது சரியாகக் கேட்காது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அவ வந்தா சொல்லுங்க" என்றார். அடுத்தவளைக் கூப்பிட்டுவிட்டார்கள், க்யூ நிற்கிறதே.

இப்போது சொல். அந்த மன்னிப்பு யாருக்கு வர வேண்டியது? எனக்கும் வர வேண்டியதுதானே? என் பங்கையும் சேர்த்து அவளே வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு பேரும் நேர் முடியோடு வந்திருந்தால் இரண்டு பேருக்கும் இல்லை என்று ஆகியிருக்கும், அது நியாயம். இது என்ன நியாயம்?

நீ என்னவோ சொல்ல வருகிறாய். இரு, முடித்துவிடுகிறேன்.

மதியம் குரூப் போட்டோ. கடல் காற்று எழும்பிவிட்டது. போட்டோ வந்த பிறகு பார்த்தால், என் தலையில் வலது பக்கம் நேர், இடது பக்கம் தும்பு. பாதிப் பாதி. எல்லோரும் அதற்கும் சிரிக்கிற மூஞ்சி போட்டார்கள். மெஷின் கோளாறு, வேறென்ன.

மூன்று வாரம் ஆயிற்று, அவளோடு நான் பேசவில்லை. கோயிலில் அந்தக் கடைசிப் பெஞ்சுக்கு மாறிவிட்டேன். பதினோரு மிஸ்டு கால். வாராவாரம் ஒரே மெசேஜ், நேற்றும் வந்தது. இதோ பார், நீயே படி. "மதர் இன்னும் உன்னைக் கேக்குறாங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் போறேன். நீயும் வா. தலைக்குக் குளிச்சிட்டு அப்படியே வா." திமிரைப் பார்த்தாயா? 'அப்படியே வா.' குத்திக் காட்டுகிறாள். நான் பதில் போடவில்லை. நான் அப்படியெல்லாம் இறங்கி...

நாற்பத்தேழா? என்ன, அதற்குள்ளேயா? ஓ, நடுவில் இருக்கிறவர்கள் எல்லாம் காத்திருக்க முடியாமல் போய்விட்டார்களாம். இந்தப் பையைப் பார்த்துக்கொள், மெஷினையும் பில்லையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். போய்விடாதே.

*

போகவில்லையே நீ? நல்லவேளை.

கோளாறு இல்லையாம். மாற்றித் தர மாட்டானாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எனக்கே பாடம் நடத்துகிறான். "மேடம், எண்ணெய் போட்ட முடியில ஓட்டியிருக்கீங்க. அதுவும் ஃபுல் சூட்டுல. பட்டை ஓரம் பூரா எண்ணெய் கருகிக் கெட்டி தட்டியிருக்கு, அதான் ஒரு பக்கம் பிடிக்கல." சுரண்டிக் காட்டினான், தார் மாதிரி வருகிறது. சரி, அது போகட்டும். பிறகு ஒரு சின்ன சாமணத்தை உள்ளே விட்டான். பட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அதிலிருந்து இழுத்து, இழுத்து, பில் புக்கில் ஒரு தாளைக் கிழித்து அதன் மேல் வைத்தான்.

இதோ. தொடாதே, பறந்துவிடும்.

"இது என் முடி இல்ல" என்றேன் அவனிடம். டக்கென்று சொல்லிவிட்டேன். ஏதோ திருட்டுச் சாமான் பிடிபட்ட மாதிரி. என்னுடையது கறுப்பு, பார்த்தாலே தெரிகிறதே. இது சிவப்பு. மருதாணிச் சிவப்பு.

அவன் அதைத் தூக்கி லைட்டுக்கு நேரே பிடித்தான். "வெட்டின முடி இல்ல மேடம். நுனியைப் பாருங்க, பொரிஞ்சிருக்கு. வெந்து ஒடிஞ்சது. யாருக்கோ தலை நல்லா சுட்டிருக்கும். இது சந்துல மாட்டினது மட்டும்தான், கீழ விழுந்தது எவ்வளவோ." அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டான். நாற்பத்தெட்டு. உனக்கு இன்னும் ஒன்று இருக்கிறது, உட்கார்.

கீழே விழவில்லை. கீழே விழுந்திருந்தால் நான் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் அவளே குனிந்து தரையைப் பெருக்கி, கையில் அள்ளி, குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் போவாள். சுத்தக்காரி என்று நினைத்தேன்.

மூன்று ஞாயிறு முக்காடு.

ஏன் சொல்லவில்லை? நான் கேட்கிறேன், வாய் இல்லையா அவளுக்கு? "சுடுதுட்டி" என்றாள், சரி, அது சொன்னதுதான். காது என்றாள். அதுவும் சொன்னாள். ஆனால் அது போதுமா? நாற்பத்தாறு வருஷப் பழக்கம். "எமி, என் முடி போச்சுட்டி" என்று ஒரு தடவை கத்தியிருக்கலாமே? அந்த ஹாலில், அத்தனை பேர் முன்னால், "இவதான் பொசுக்கினா" என்று என்னைக் காட்டியிருக்கலாமே? சுகிர்தா கேட்டாள், என் காதால் கேட்டேன், "எப்பம்ட்டி வெட்டுனே?" என்று. இவள் சிரித்துக்கொண்டு, "வெயிலுக்கு" என்றாள். டிசம்பரில் என்ன வெயில்? என் கையைப் பிடித்து மதருக்கு முன்னால் தள்ளினவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்போதும் இப்படித்தான். எனக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள். நின்றுகொண்டு வாங்கிக்கொள்வாள். வாங்கினதைச் சொல்லவும் மாட்டாள். கூட இருந்துகொண்டே இப்படி ஒரு துரோகம் பண்ணுவார்களா ஒருத்திக்கு?

இல்லை, நான் அழவில்லை. இந்த இடத்தில் காற்றே இல்லை.

அந்த முடியை இப்படிக் கொடு. கைக்குட்டையில் முடிந்துகொள்கிறேன். மெஷினா? அது அவன் மேஜையிலேயே இருக்கட்டும். இங்கேயிருந்து அவள் வீட்டுக்கு மூன்றாம் நம்பர் பஸ். இன்றைக்கு அவளிடம் நான் ஒரு சண்டை போடப் போகிறேன், தெரு முழுக்கக் கேட்கும். அது முடிந்த பிறகுதான் நாளைக்கு நாலு மணி.

உன் பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா? குடிக்க இல்லை. எழுந்து வா, இந்த வாசப்படிக்கு. நான் குனிகிறேன், நீ ஊற்று. தலையில்தான், வேறெங்கே. புடவை நனைந்தால் நனையட்டும், ஊற்று அம்மா, யார் பார்த்தால் என்ன. பின்பக்கமும். உனக்குத் தெரியுமே, நம்ம முடிக்கு எவ்வளவு நேரம் ஆகும், பஸ் வருவதற்குள் ஆகிவிடுமா?

பார், எழும்புகிறதா?

எனக்காகச் சொல்லாதே. இன்னும் கொஞ்சம் ஊற்று.